14 நாள் ஐரோப்பா, 7 கிலோ பை: வெளிநாட்டுப் பயணச் சுமையைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் பார்த்துவிட்டுத் திரும்பும் 14 நாள் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை என்று கிளம்புவார்கள். விமானத்தில் அதற்கெல்லாம் இடம் உண்டு. இறங்கிய பிறகுதான் பாடு. பாரிஸ் மெட்ரோவில் 14-ஆம் தடத்தில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. மற்ற பழைய தடங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாமே படி வைத்தவை. ரயிலில் பெட்டியை ஏற்றிவிட போர்ட்டர் வரமாட்டார். வழியில் உள்ள ஊர்களில் ரயில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். 23 கிலோ பெட்டியோடு அந்த ஊர்களில் நடப்பவர் ஊரைப் பார்ப்பதில்லை, அடுத்த படிக்கட்டைத்தான் பார்க்கிறார்.

இதே பயணத்தை 7 கிலோ கைப்பை ஒன்றோடு முடிக்கலாம். அழுக்குத் துணியோடு அலைய வேண்டியதில்லை, குளிரில் நடுங்க வேண்டியதில்லை. எத்தனை நாள் பயணமோ அத்தனை செட் துணி என்று எண்ணுவதால்தான் பெட்டி கனக்கிறது. ஒரு சலவைக்கும் அடுத்த சலவைக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை துவைப்பவருக்கு 14 நாள் பயணமும் 40 நாள் பயணமும் ஒரே பைதான்.

முதல் படி: தராசு

எதையும் எடுத்து வைப்பதற்கு முன் இரண்டு தராசு வேண்டும். ஒன்று பையைத் தொங்கவிட்டுப் பார்க்கும் கொக்கித் தராசு. இன்னொன்று கிராம் காட்டும் சமையலறைத் தராசு. கண் மதிப்பு இந்த வேலைக்கு உதவாது. ஜீன்ஸ் ஒன்று 600 முதல் 800 கிராம் வரும். குளியல் டவல் 500 கிராமுக்குக் குறையாது. சக்கரம் வைத்த கெட்டி ட்ராலி காலியாகவே 2.5 கிலோவிலிருந்து 3 கிலோ. 7 கிலோ அனுமதியில் கிட்டத்தட்ட பாதி பெட்டிக்கே போய்விடுகிறது என்பது எடை போட்டுப் பார்க்கும்வரை தெரியாது.

அடுத்து, டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கைப்பை அளவைக் குறித்து வையுங்கள். எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் எகானமியில் 7 கிலோ, லுஃப்தான்ஸாவில் 8 கிலோ. நீள அகலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 55×35×20 செ.மீ.க்குள் அடங்கும் பை பெரும்பாலான இடங்களில் செல்லும், நீளத்தில் இன்னும் கண்டிப்பானவர்களும் இருக்கிறார்கள். பலர் மாட்டிக்கொள்வது ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு விமானத்தில்தான். ஈஸிஜெட்டில் இலவசமாக அனுமதிப்பது 45×36×20 செ.மீ. பை, ரயன்ஏரில் 40×30×20 செ.மீ. சென்னையில் ஏற்றுக்கொண்ட பைக்கு அங்கே கேட்டில் பணம் கட்டச் சொல்வார்கள். அப்படி ஒரு விமானம் நடுவில் இருந்தால், டிக்கெட் போடும்போதே பெரிய கைப்பைக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவது மலிவு. அல்லது அந்தத் தூரத்தை ரயிலில் போய்விடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் வாரம் நிறுவனத்தின் இணையதளத்தில் மறுபடி பாருங்கள்.

பை

முதுகு ஒத்துழைத்தால் 38 முதல் 40 லிட்டர் முதுகுப்பைதான் சிறந்தது. எடை 1.2 கிலோவைத் தாண்டக் கூடாது. மேல்வழியாக மட்டும் திறக்கும் மலையேற்றப் பை வேண்டாம். அடியில் உள்ள சட்டையை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டிவரும். பெட்டி மாதிரி மூன்று பக்கமும் ஜிப் ஓடும் பை வாங்குங்கள். இடுப்புப் பட்டை அவசியம். அதை இடுப்பெலும்புக்கு மேல் இறுக்கிக் கட்டினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். 7 கிலோ 4 கிலோ போலத் தோன்றும்.

முதுகுவலி உள்ளவர்கள், வயதானவர்கள் ட்ராலி எடுக்கலாம். கல் பாவிய தெருக்களுக்கு நான்கு சுழல் சக்கரத்தைவிட இரண்டு பெரிய சக்கரம் நல்லது. சின்னச் சுழல் சக்கரம் கல் இடுக்கில் விழுந்து அச்சு வளையும். துணியால் ஆன, 2 கிலோவுக்கு உட்பட்ட ட்ராலியாகப் பாருங்கள்.

துணி

பாதி வெற்றி இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எது விரைவில் காய்கிறதோ அதுவே பயணத் துணி. அறைக்குள் தொங்கவிட்டால் பாலியஸ்டர், நைலான், மெரினோ கம்பளி பனியன் ஒரே இரவில் காயும். பருத்திச் சட்டைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஜீன்ஸுக்கு இரண்டு நாள், அப்போதும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்வதை வைத்து அக்டோபர் பாரிஸைக் கணக்கிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. பாலியஸ்டரில் வியர்வை வாடை சீக்கிரம் ஏறும், அதை அன்றன்றே அலசிவிட வேண்டும். மெரினோ இரண்டு மூன்று நாள் வாடையின்றித் தாங்கும், விலை அதிகம். எல்லாச் சட்டையும் மெரினோவாக வாங்க வேண்டியதில்லை. ஒன்று மெரினோ, மற்றவை விளையாட்டுத் துணி என்று வைத்துக்கொண்டால் போதும்.

உடம்பில் போட்டுக்கொண்டு கிளம்புவதையும் சேர்த்து மேல்சட்டை 4, கால்சட்டை 2, உள்ளாடை 5, சாக்ஸ் 4. இதற்குமேல் ஒன்று கூட வேண்டாம். மேல்சட்டை எல்லாம் இரண்டு கால்சட்டைக்கும் பொருந்துகிற நிறமாக இருக்கட்டும். ஒரு கால்சட்டையோடு மட்டும் சேர்கிற சட்டை, எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், வீட்டிலேயே இருக்கட்டும்.

பெண்களுக்கு இரண்டு குர்தா (ஒவ்வொன்றும் 200 முதல் 250 கிராம்), இரண்டு டி-ஷர்ட், இரண்டு கால்சட்டை என்று வைத்தால் இதே எடைதான் வரும். புடவை கட்டியே தீர வேண்டும் என்றால் பட்டு வேண்டாம். பட்டுப் புடவை, ரவிக்கை, உள்பாவாடை சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும், அங்கே துவைக்கவும் முடியாது. மெல்லிய க்ரேப் அல்லது ஜார்ஜெட் 400 கிராமுக்குள் முடியும், கசங்காது, இரவில் காயும். பருத்தி உள்பாவாடையின் நாடா போகும் மடிப்புதான் கடைசிவரை காயாத இடம். அதற்குப் பதில் உடலோடு ஒட்டும் புடவை ஷேப்வேர் எடுங்கள். ஒரு துப்பட்டா கூட இருக்கட்டும்: வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் விடுவார்கள். குளிருக்குக் கழுத்தில் சுற்றவும் அதுவே ஆகும்.

துண்டு விஷயத்தில் வெளிநாட்டுப் பயணக் கடைகளில் விற்கும் மைக்ரோஃபைபர் டவலைத் தேடிப் போக வேண்டாம். நம் ஈரிழைத் துண்டு 150 கிராம்தான், மூன்று நான்கு மணி நேரத்தில் காயும், பழையதானால் இன்னும் நன்றாக ஈரம் உறிஞ்சும். கைலி ஒன்று இரவு உடையாகவும், ரயிலில் போர்வையாகவும், துணி மாற்றும்போது மறைப்பாகவும் உழைக்கும்.

குளிருக்கு: ஒரே கோட்டு வேண்டாம்

அக்டோபர் ரோமில் பகலில் 22 டிகிரி இருக்கும். பாரிஸில் காலையில் 9, 10. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே பூஜ்யத்துக்குக் கீழே. இந்த மூன்றுக்கும் ஒரு தடித்த கம்பளிக் கோட்டு வாங்கினால் கோட்டு மட்டுமே இரண்டு கிலோவை நெருங்கும், ரோமில் அதைக் கையில் சுமந்து திரிய வேண்டும். அடுக்கடுக்காகப் போடுங்கள். உள்ளே தெர்மல் எனும் குளிர்கால உள்ளுடை, அதன்மேல் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ் ஸ்வெட்டர், அதன்மேல் இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த மெல்லிய ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மழைக்கோட்டு. கதகதப்பைத் தருவது அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று. அந்தக் காற்றை அடித்துச் செல்லாமல் காப்பது வெளிக்கோட்டு. ஆகவே மழைக்கோட்டை ஒரு சுற்றுப் பெரியதாக வாங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளடுக்குகள் நசுங்கிக் குளிரும். மழைக்கோட்டு இருந்தால் குடை வேண்டாம்.

காலணி

ஒரே ஒரு ஷூ, அதுவும் காலில். இரண்டாவது ஷூ 700 கிராம் எடையோடு பையின் கால்வாசி இடத்தையும் பிடிக்கும். பையில் ரப்பர் செருப்பு மட்டும். புது ஷூவோடு கிளம்புவது பெரிய தவறு. ஒரு நாளைக்கு 15,000 காலடி நடக்கிற பயணத்தில் இரண்டாம் நாளே குதிகால் கொப்பளிக்கும். மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழக்குங்கள்.

துவைப்பது

அறைக்கு வந்ததும் முதல் வேலை இது. சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்றால் நடக்காது. வாஷ் பேசினில் வெதுவெதுப்பான நீர், அன்று போட்ட சட்டை, உள்ளாடை, சாக்ஸ், பத்து நிமிட ஊறல், கசக்கி இரண்டு முறை அலசல். பிழிந்த பிறகு ஈரிழைத் துண்டை விரித்து அதன்மேல் துணியைப் பரப்பி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். மீதி ஈரத்தில் பெரும்பங்கைத் துண்டு வாங்கிக்கொள்ளும். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் பலருக்குக் காலையில் துணி ஈரமாக இருக்கிறது. மூன்று மீட்டர் நைலான் கயிறு வைத்திருந்தால் தொங்கவிட இடம் தேட வேண்டாம். மின் ஹீட்டர்மேல் துணி போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை காசு போட்டு இயக்கும் லாண்டரிக்குப் போய் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துவைத்துக் காயவைத்து எடுத்துவிடலாம். ஐரோப்பிய நகரங்களில் ஒரு சுமைக்கு ஏறத்தாழ 5 முதல் 8 யூரோ. பயணத்தின் நடுவே ஒரு நாளில் அப்படி ஒரு மணி நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

குளியல் சாமான்

கைப்பையில் திரவம் எதுவானாலும் 100 மி.லி. பாட்டிலுக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் திறந்து மூடும் பிளாஸ்டிக் உறைக்குள். 200 மி.லி. பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, அவர்கள் பார்ப்பது பாட்டிலில் அச்சிட்ட அளவை. புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்கள் இதைத் தளர்த்தியிருந்தாலும், வழியில் மாறும் நிலையமும் திரும்பும் நிலையமும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஷாம்பூ சாஷே. 14 நாளுக்கு 6 சாஷே போதும், காலியானதைத் தூக்கிப் போட்டுவிட்டால் பை தினமும் இளைக்கும். சோப்புக் கட்டி திரவக் கணக்கில் வராது. குளியல் சோப்பு பாதி, துணி சோப்பில் கால்துண்டு நறுக்கி எடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் எடுத்துப் போனால் அங்கே ஒரு சொட்டு வராது. அகல வாய் டப்பாவில் 30 மி.லி. வையுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மூடும் முன் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து மூடியைத் திருகினால் கசியாது.

மின்சாதனம்

செல்பேசிக்கும் மடிக்கணினிக்கும் சேர்த்து ஒரே 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதும், 130 கிராம். நம் இரண்டு முள் சார்ஜர் ஐரோப்பிய பிளக்கில் நுழையும், ஆனால் அங்குள்ள பிளக் பள்ளமாக இருப்பதால் உடல் பருத்த சார்ஜர் உள்ளே உட்காராது. மூன்று உருண்டை முள் நுழையவே நுழையாது. ஒரு சின்ன அடாப்டர் எடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 10,000 எம்ஏஎச் என்பது சுமார் 37 வாட்-அவர்தான், 20,000 என்பது 74. திறன் அச்சு அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பறிமுதல் செய்வார்கள். எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களில் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் தடை, ஒன்றுதான் கொண்டுபோகலாம். முக்கியமான ஒன்று: விமானம் நிறைந்து உங்கள் கைப்பையைக் கேட்டில் வாங்கி அடியில் போடுவதாகச் சொன்னால், பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் அந்த நிமிடமே வெளியே எடுக்க வேண்டும். இவற்றை ஒரே சிறு பையில் போட்டு மேலே வைத்திருந்தால் வரிசையில் நின்று பையைக் கலைக்க வேண்டாம்.

மருந்து

14 நாளுக்கு உரியதோடு 4 நாளுக்குக் கூடுதலாக. எடை குறைக்கும் ஆசையில் மாத்திரையை உரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம், பெயர் தெரியாத மாத்திரை சுங்கத்தில் தொல்லை. அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுங்கள். கோடீன், ட்ரமடால் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

சாப்பாடு

நம் பெட்டிகளில் கனம் கூடுவது இங்கேதான். ஊறுகாய், தொக்கு, நெய் எல்லாம் கைப்பையில் திரவக் கணக்கு. மிளகாய்ப் பொடியை இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் விடுவதில்லை, இட்லிப் பொடிக்கும் அதே கதி ஏற்படலாம். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, எனவே நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் போட்டாலும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். துபாய் வழியாகப் போகிறவர்கள் குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள்; ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலைச் சேர்ந்தது. கொப்பரைத் தேங்காயும் ஆகாது. எண்ணெய்ப்பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று ஐ.நா. எண் 1363-ன் கீழ் வகைப்படுத்தப்பட்டது அது.

மிச்சம் என்ன? கடலை மிட்டாய், தட்டை, வெந்நீர் ஊற்றினால் ஆகிற அவல் உப்புமா பாக்கெட் நான்கு. 600 கிராமில் நிறுத்துங்கள். பல ஐரோப்பிய ஓட்டல் அறைகளில் கெட்டில் இருக்காது, முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம், கொண்டைக்கடலை டப்பா எல்லாம் கிடைக்கும். தண்ணீருக்குக் காலி பாட்டில் போதும். ரோம், சூரிக் தெருக் குழாய்களில் வருவது குடிநீர்தான்.

எல்லாம் சேர்ந்தால்

காலில் ஷூ, உடம்பில் கனமான கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் ஜாக்கெட்டும் போக, பையில்:

காலிப் பை 1,200 கிராம்
மேல்சட்டை 3, கால்சட்டை 1: 900
ஃப்ளீஸ், மழைக்கோட்டு, தெர்மல்: 900
உள்ளாடை 4, சாக்ஸ் 3: 400
கைலி, ஈரிழைத் துண்டு, தொப்பி, கையுறை: 500
குளியல் சாமான் 500
மருந்து 250
சார்ஜர், கேபிள், பவர் பேங்க், அடாப்டர்: 500
காகிதங்கள் 150
ரப்பர் செருப்பு 250
மஞ்சப்பை, மடித்து வைக்கும் காலிப் பை: 150
சாப்பாடு 600

மொத்தம் 6.3 கிலோ. மீதி 700 கிராமை நிரப்பாதீர்கள், வீட்டுத் தராசுக்கும் விமான நிலையத் தராசுக்கும் வித்தியாசம் இருக்கும். மடிக்கணினி வேண்டும் என்றால் அது 1.3 கிலோ, சாப்பாட்டை விட்டுவிட்டால் சரியாக 7-இல் நிற்கும், கொஞ்சமும் இடமிருக்காது.

அடுக்கும்போது கனமானவை முதுகை ஒட்டி, நடு உயரத்தில். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். துணிகளைச் சுருட்டி மஞ்சப்பைகளில் போட்டு வகை பிரித்தால் போதும், தனி பேக்கிங் க்யூப் தேவையில்லை. காற்றை உறிஞ்சும் வேக்குவம் கவரும் வேண்டாம். அது இடத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது; கிடைத்த இடத்தில் இன்னும் நாலு துணியைத் திணிக்கத்தான் கை போகும். திரவ உறை எப்போதும் மேலே.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே பையைக் கட்டிவிடுங்கள். அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து, மூன்று மாடி ஏறி இறங்குங்கள். தோள்பட்டை எங்கே அறுக்கிறது, எந்தப் பொருள் முதுகில் குத்துகிறது என்பது அப்போது தெரியும். பிறகு பையைப் பிரித்து, "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று சொல்லி வைத்த ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இது இல்லாமல் போய் அங்கே தேவைப்பட்டால் 20 யூரோவுக்குள் வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அதை வீட்டில் விடுங்கள். மருந்து, கண்ணாடி, காகிதங்கள் மட்டும் இந்தக் கேள்விக்கு விலக்கு.

கடைசி நாளில் வரும் சுமை

பை தயாரான பிறகு சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வருவார்கள். "அங்கதானே போற, நம்ம பையனுக்கு இந்தச் சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துடு." சின்னப் பொட்டலம் இரண்டு கிலோ இருக்கும், உள்ளே முறுக்கோடு ஊறுகாயும் இருக்கும். முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம்தான். ஆகவே பயணத் தேதி சொல்லும்போதே "கைப்பை மட்டும்தான் எடுத்துப் போறோம், ஏழு கிலோ, எடை போட்டுட்டோம்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் கட்டிக் கொடுத்ததை வாங்கக் கூடாது என்பதற்கு எடையைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. "இந்தப் பையை நீங்களே கட்டினீர்களா?" என்று கவுன்டரில் கேட்பார்கள். உள்ளே என்ன இருந்தாலும் பொறுப்பு சுமப்பவருடையது.

திரும்பும்போது கதை வேறு. சாக்லேட், ஆலிவ் எண்ணெய், பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று சேரத்தான் செய்யும். வளைகுடா விமானங்களின் பெரும்பாலான டிக்கெட்டில் 20 கிலோவுக்கு மேல் செக்-இன் ஏற்கெனவே அடங்கியிருக்கும். போகும்போது அதைத் தொடாதீர்கள், வரும்போது பயன்படுத்துங்கள். மடித்து எடுத்துச் சென்ற காலிப் பையை ரோமில் கடைசி நாள் விரித்து, துணி, எண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் அதில் போட்டு செக்-இன் செய்துவிட்டால், படிக்கட்டே இல்லாத கடைசி இரண்டு மணி நேரம் மட்டும்தான் அந்தக் கனத்தைத் தூக்க வேண்டியிருக்கும். டிக்கெட்டில் செக்-இன் இல்லை என்றால் திரும்பும் பயணத்துக்கு மட்டும் இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். கவுன்டரில் வாங்கினால் விலை கூடும்.

வீடு வந்ததும் பையைப் பிரிக்கும்போது, ஒருமுறைகூடத் தொடாத பொருட்களைத் தனியே வைத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் அது ஒரு கிலோவாவது தேறும். அடுத்த பயணத்துக்குப் பட்டியல் எழுதும்போது அந்தக் குறிப்பை முதலில் எடுத்துப் பாருங்கள்.